லாஸ்ட்+ஃபவுண்ட்: பாறசாலை எல்லையில் ஒரு வன்தட்டு

இது சற்று நீண்ட பதிவு. பழுதான வட்டைக் கட்டளைவரியில் எவ்வாறு சரிபார்ப்பது என்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தனர். விடை இதில் உண்டு. ஆனால் அதைத் தனியே பிரித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சிற்றூர்களின் தமிழ்ப் பேச்சு வழக்கே என் ஆய்வுப் பொருள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றது. கோட்டுக்கு அப்பால் களியக்காவிளை, இப்பால் இஞ்சிவிளை, இன்னும் வடக்கே அமரவிளை. ஊர்ப்பெயர்களில் அந்த ‘விளை’ மட்டும் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறது. இப்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பேரப்பிள்ளைகள் மலையாளத்தில் படிக்கிறார்கள். பாட்டிமார் தமிழில் ஏசுகிறார்கள். என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல் முழுவதும் ஏறக்குறைய அந்த ஏச்சுகளைப் பற்றியதுதான்.

அப்பகுதியில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 2009 முதல் 2012 வரை பனையேறிகளின் பேச்சைப் பதிவு செய்துவைத்திருந்தார். எனக்கு முன்னரே, என்னைவிட நன்றாக, எந்தப் பட்டத்துக்காகவும் அல்லாமல். அவர் மறைந்த பின் அவருடைய மகள் அந்த வன்தட்டை என்னிடம் கொடுத்தார். 160 ஜிபி கொள்ளளவு, 2007இல் வாங்கிய கணினியிலிருந்து கழற்றியது. மழைக்கால இடி மின்னலிலும் மின்வெட்டிலும் பல ஆண்டுகள் உழைத்து ஒருநாள் எழாமலே போனது.

‘கடையில் காட்டினேன் தம்பி, வட்டில் ஒன்றுமில்லை, ஃபார்மேட் செய்து தரட்டுமா என்று கேட்டார்கள்’ என்றார் அந்த அக்கா. நல்லவேளையாக வேண்டாம் என்று எடுத்து வந்துவிட்டார்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆசிரியர் பயன்படுத்தியது குனு/லினக்ஸ். கேரளப் பள்ளிகளில் 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளிலேயே கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. அதில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பலர் அதே இயங்குதளத்தை வீட்டுக் கணினியிலும் நிறுவிக்கொண்டனர். அவருடைய வட்டு எக்ஸ்ட்3 என்னும் கோப்பு முறைமையில் இருந்தது. அத்தகைய வட்டை விண்டோஸ் கணினியில் செருகினால், பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்றுதான் அது சொல்லும். தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தை வெற்றுத்தாள் என்று எடுத்துக்கொள்வது மென்பொருளுக்கு மட்டும் உரிய பழக்கமன்று.

லினக்ஸில் செருகியபோதும் வட்டு திறக்கவில்லை. சூப்பர்பிளாக் பழுது என்று செய்தி வந்தது. இந்த இடத்தில் பெரும்பாலோர் இணையத்தில் தேடி, எஃப்.எஸ்.சி.கே. என்னும் கட்டளையைக் கண்டுபிடித்து, எல்லாக் கேள்விகளுக்கும் ‘ஆம்’ என விடையளிக்கும் ‘ஒய்’ என்னும் தெரிவோடு அதை ஏவிவிடுவார்கள். பல வேளைகளில் அது சரியாகவே முடியும். மின்சாரம் நின்று பாதியில் அணைந்த, மற்றபடி நலமான வட்டுக்கு அது போதும். ஆனால் வட்டே தேய்ந்து, சில செக்டர்கள் வாசிக்க முடியாமல் போயிருக்கும்போது, அதன் மேலேயே எழுதிப் பழுதுபார்ப்பது காய்ச்சல்காரரை எழுப்பி வீட்டைப் பெருக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆகவே முதலில் படியெடுத்தல். இதற்கு டிடிரெஸ்க்யூ என்னும் கருவி உண்டு. வாசிக்க எளிதான பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, முரண்டுபிடிக்கும் செக்டர்களைக் கடைசிக்கு வைத்து, சிறிது சிறிதாக மீண்டும் முயலும். எது முடிந்தது, எது முடியவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும்; நடுவில் மின்சாரம் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆடி மழையில் பாறசாலைப் பக்கம் தங்கி வேலை செய்பவருக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். இரண்டு நாளும் ஓர் இரவும் ஓடியது. முடிவில் வாசிக்க இயலாமல் நின்றவை ஒரு கைப்பிடி செக்டர்களே, ஒவ்வொன்றும் 512 பைட். அந்த நகலுக்கு மேலும் ஒரு நகல் எடுத்து, மூல வட்டைத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். அதன்பின் செய்த எதுவும் அந்த வட்டைத் தொடவில்லை.

சூப்பர்பிளாக் என்பது கோப்பு முறைமையின் முகப்புப் பக்கம். மொத்தப் பரப்பு, கட்டத்தின் அளவு முதலிய விவரங்கள் அதில் இருக்கும். அது போனால் எல்லாம் போயிற்று என்பதை அறிந்தே, வடிவமைத்தவர்கள் அதன் படிகளை வட்டெங்கும் தூவி வைத்திருக்கிறார்கள். 4096 பைட் கொண்ட பிளாக்குகளாயின், முதற்படி 32768ஆம் பிளாக்கிலும், அடுத்தவை 98304, 163840 என்றும் வரும். ஈ2எஃப்.எஸ்.சி.கே. கட்டளைக்கு ‘பி’ என்னும் தெரிவில் 32768 என்று கொடுத்தால், அது அந்தப் படியைப் பார்த்து வேலையைத் தொடங்கும். கூடவே ‘என்’ என்னும் தெரிவையும் கொடுக்க வேண்டும். அப்போது எல்லாக் கேள்விகளுக்கும் தானே ‘இல்லை’ என்று விடையளித்துக்கொண்டு, எதையும் மாற்றாமல், என்னென்ன செய்ய நினைக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். என்னைக் கேட்டால், அந்தக் கருவியின் மிகச் சிறந்த பயன் இதுதான். பழுதுபார்க்க வந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாய்திறந்து பேசும் தருணம் அது.

அது என்ன பேசுகிறது என்று புரிந்துகொள்ளச் சிறிது பின்னணி வேண்டும். யூனிக்ஸின் தொடக்க காலத்தில் வட்டைச் சரிபார்க்க ஐசெக், டிசெக் என்று தனித்தனிக் கருவிகள் இருந்தன. முடிவுகளைப் பார்த்து மனிதர் கையால் திருத்த வேண்டும். 1970களின் பிற்பகுதியில் டி. ஜே. கோவால்ஸ்கி எழுதிய எஃப்.எஸ்.சி.கே. அவற்றை ஒரே கட்டளைக்குள் கொண்டுவந்தது. இன்று லினக்ஸில் நாம் பயன்படுத்தும் ஈ2எஃப்.எஸ்.சி.கே. தியோடர் த்ஸோவின் பெயரோடு சேர்ந்தது. பெயரின் நடுவிலுள்ள ‘சி’யைப் பலர் வெறும் ‘செக்’ என எண்ணுகிறார்கள். அதற்கு ‘கன்சிஸ்டன்சி’ என்றும் விரிவு சொல்வதுண்டு: முரணின்மை. இக்கருவிக்கு உங்கள் கோப்புகளின் மீது தனிப்பட்ட பரிவு ஏதுமில்லை. கணக்கு முரணின்றி இருக்கிறதா என்பதே அதன் கவலை. முரணை நீக்க ஒரு கோப்பை அழிக்க வேண்டுமென்றால், அழிக்கட்டுமா என்று கேட்கும்; ‘ஆம்’ என்றால் அழிக்கும்.

எல்லைப்புறத்தாருக்கு இதை விளக்குவது எளிது. எங்கள் பகுதியில் பலருக்கும் இருபுறமும் நிலம் உண்டு. அப்பால் பட்டா எண், இப்பால் தண்டப்பேர் எண். நிலம் ஒன்று, அதைப் பற்றிய பதிவு வேறொன்று என்பது அவர்களுக்குப் பாலபாடம். கோப்பு முறைமையும் அப்படித்தான். கோப்பின் அளவு, உரிமையாளர், கடைசியாக மாற்றப்பட்ட நேரம், உள்ளடக்கம் எந்தெந்த பிளாக்குகளில் கிடக்கிறது என்னும் பட்டியல் ஆகியவை ஐநோடு என்னும் சிறு பதிவில் இருக்கும். அங்கே இல்லாத ஒன்று, கோப்பின் பெயர். பெயர் அடைவில்தான் இருக்கிறது: இன்ன பெயர், இன்ன ஐநோடு எண் என்று ஒரு வரி. அடைவு அழிந்தால் கோப்பு அழிவதில்லை. பெயர் மட்டும் போய்விடும்.

ஈ2எஃப்.எஸ்.சி.கே. ஐந்து சுற்றுகளாக இக்கணக்கைப் பார்க்கிறது. ஐநோடுகள், அடைவுகளின் உள்வரிகள், அடைவுகள் யாவும் வேரோடு இணைந்துள்ளனவா என்பது, ஒவ்வொரு கோப்பையும் எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்பது, கடைசியாகக் காலியிடக் கணக்கு. இரண்டாம் சுற்றில் ஒரு கேள்வி வந்தது. ‘பனை’ என்னும் பெயருள்ள வரி 4915201 என்னும் ஐநோட்டைச் சுட்டுகிறது, அந்த ஐநோடு பயன்பாட்டில் இல்லை, இவ்வரியை நீக்கட்டுமா? நான்காம் சுற்றில் 4915205 தொடங்கி 4915259 வரை ஒரே பல்லவி: இந்த ஐநோடு எதனோடும் இணைக்கப்படவில்லை, லாஸ்ட்+ஃபவுண்டில் சேர்க்கட்டுமா? மொத்தம் 55 முறை.

இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தபோது நடந்தது விளங்கியது. இந்த வட்டில் ஒவ்வொரு ஐநோடும் 128 பைட். ஒரு செக்டருக்கு நான்கு. வாசிக்க முடியாமற்போன செக்டர்களில் ஒன்று 4915201 முதல் 4915204 வரையிலான நான்கையும் விழுங்கிவிட்டது. முதலாவது ‘பனை’ என்னும் அடைவு. அடுத்த மூன்றும் அதனுள் ஆசிரியர் முதன்முதலில் இட்ட மூன்று பதிவுகள். எக்ஸ்ட்3இன் ஜர்னல் என்ன ஆயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். ஜர்னல் பாதியில் நின்ற வேலைக்குத் துணை. தேய்ந்த தட்டுக்கு அதனிடம் மருந்தில்லை.

கருவி கேட்ட அனுமதியைக் கவனியுங்கள். இந்த 55 கோப்புகளும் பனையைப் பற்றியவை என்று உலகில் எஞ்சியிருந்த ஒரே வரியை அது நீக்கக் கேட்டது. அதன் கணக்கில் அது நியாயம். இல்லாத ஐநோட்டைச் சுட்டும் வரி ஒரு முரண்தான். ‘ஒய்’ தெரிவோடு ஏவியிருந்தால் அந்த வரி கண்ணில் படாமலே போயிருக்கும். நான் வெளியீட்டை முழுவதுமாக ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு, அதன்பின் இரண்டாம் நகலின் மீது மட்டும் ‘ஆம்’ என்றேன். திரும்பிவந்த குறியீடு 1: பிழைகள் திருத்தப்பட்டன. மீண்டும் ஏவினேன், 0: பிழை ஏதுமில்லை. கணக்கு நேராகிவிட்டது. லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவுக்குள் 55 கோப்புகள், பெயருக்குப் பதில் எண்களோடு வரிசையாகப் படுத்திருந்தன.

அந்த அடைவை மருத்துவமனைப் பிணவறையோடு ஒப்பிட்டு நகைச்சுவை செய்வோர் உண்டு. எனக்கு அதன்மீது மரியாதை. வட்டை வடிவமைக்கும்போதே அது உருவாக்கப்பட்டு, இடமும் முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது. பழுதுபார்க்கும் நேரத்தில் புதிய இடம் தேடி அலைந்து, எதன்மேலாவது எழுதிவிடக் கூடாதல்லவா? பெயரின்றி வருவோருக்கென முதல்நாளே ஒரு திண்ணையைக் கட்டிவைத்த வீடு.

இனி பெயர்கள். அடைவின் ஐநோடுதான் போயிற்று. அடைவின் உள்வரிகள் எழுதப்பட்ட பிளாக் வட்டில் எங்கோ, யாரும் சுட்டாமல், கிடக்க வேண்டும். எக்ஸ்ட்3 ஓர் அடைவையும் அதன் கோப்புகளையும் இயன்றவரை அருகருகே வைக்கும். 4915201 என்பது 300 என்னும் எண்ணுள்ள பிளாக் குழுவின் முதல் ஐநோடு. ஆகவே 128 மெகாபைட் பரப்பில் தேடினால் போதும். எதைத் தேடுவது? ஆசிரியர் கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடும் பழக்கமுடையவர் என்று அக்கா சொல்லியிருந்தார். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதல் பைட் 224; இரண்டாவது 174 அல்லது 175. மலையாளமும் முதலில் 224தான். இரண்டாவது 180 அல்லது 181. இந்திய எழுத்துகள் பெரும்பாலானவற்றுக்கும் தொடக்கம் இதுவே. இரண்டாம் பைட்டில்தான் வழி பிரிகிறது.

224, 174 என்னும் இணை நெருக்கமாக வரும் இடங்களைத் தேடும் ஒரு சிறு நிரல் எழுதினேன். அரைமணி நேரத்தில் அந்த பிளாக் அகப்பட்டது. எட்டுச் செக்டர் நீளம். மூன்று வெறும் சுழியங்கள், ஐந்து நலம். பெயர்கள் பெரும்பாலும் தமிழ், சில மலையாளம், ஒன்றிரண்டு கலந்தவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஐநோடு எண். யாரிடம், எவ்விடத்தில், எதைப் பற்றி என்று ஆசிரியர் ஒழுங்காகப் பெயரிட்டிருந்தார். வாசிக்கக் கிடைத்தவை 36 பெயர்கள். அவற்றுள் 33 லாஸ்ட்+ஃபவுண்டில் உள்ள எண்களோடு பொருந்தின. மீதி 3 பெயர்கள் 4915202, 4915203, 4915204 ஆகியவற்றுக்கு உரியவை. ஆக, பெயர் மட்டும் இருந்து குரல் இல்லாதவை 3. குரல் இருந்து பெயர் இல்லாதவை 22.

அந்த 22 கோப்புகளையும் எடுத்துக்கொண்டு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அக்காவின் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். ஐநோடுகளில் நாள் நேரம் இருந்தது. பெரும்பாலும் பங்குனி, சித்திரை, பனைப் பருவம். ஆனால் நாளை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. கேட்க வந்தவர்களில் முதன்மையானவர், நாற்பது ஆண்டு அக்கானி காய்ச்சிய ஒரு பாட்டி. கணவர் பனையேறி, அவரும் மறைந்துவிட்டார். இன்னொருவர் முழங்கால் தேய்ந்து ஏற்றத்தை விட்ட ஒரு பாட்டா. இருவருக்கும் ஒலிபெருக்கி பிடிக்கவில்லை. கைப்பேசியைக் காதோடு வைத்துக் கேட்டார்கள்.

குரலைக் கேட்டு அடையாளம் சொல்வார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். அப்படிச் சொன்னவை குறைவு. ‘இது கெழக்க வீட்டுப் பாட்டாக்க இருமலாக்கும் மக்களே’ என்றார் பாட்டி, பேச்சு தொடங்குவதற்கு முன்பே. இன்னொரு பதிவில் பின்னணியில் கேட்ட கோயில்மணியை வைத்து வீட்டைச் சொன்னார். வீட்டை வைத்து ஆளைப் பாட்டா சொன்னார். அலகுப்பனைப் பாளையை இடுக்கும் கடிப்புக்கும் பருவப்பனைக்கு உரியதற்கும் உள்ள வேறுபாட்டை ஒருவர் விளக்கும் பதிவைக் கேட்டு, இப்படிப் பிசகாகச் சொல்பவன் இன்னார்தான் என்று பாட்டா சிரித்தார். தளைநாரை முறுக்கும் விதம் பற்றிய பதிவு ஒன்று 40 நிமிடம். அதை முழுவதும் கேட்டுவிட்டு ஆளைத் தெரியவில்லை என்றார்; ஆனால் அவன் சொல்வது முழுதும் சரி என்று சான்று கொடுத்தார். அதையும் குறித்துக்கொண்டேன். முருக்குத்தடி, சில்லாட்டை, கூப்பனி என்று வந்த ஒவ்வொரு சொல்லுக்கும் இருவரும் உரை சொன்னார்கள். வட்டில் இருந்ததைவிட அன்று திண்ணையில் நான் எழுதியது அதிகம். நான்காம் ஞாயிறு முடிய 15 கோப்புகளுக்குப் பெயர் கிடைத்தது.

குரல் இல்லாத 3 பெயர்களையும் வாசித்துக் காட்டினேன். இரண்டாவது பெயர் பாட்டியின் கணவருடையது. அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின், ‘பேரு மட்டும் எதுக்கு’ என்று கேட்டார்.

அன்றிரவே அதற்கான வேலையைத் தொடங்கினேன். ஒலிக் கோப்பு ஒவ்வொன்றும் ‘ரிஃப்’ என்னும் நான்கு எழுத்துக் குறியோடு தொடங்கும். ஐநோடு இல்லாவிட்டாலும், அந்தக் குறியைத் தேடினால் கோப்பின் தொடக்கம் அகப்படும். தொடக்கத்திலிருந்து பிளாக்குகளை வரிசையாக வாசித்துக்கொண்டே போகலாம், அவை சிதறாமல் அடுத்தடுத்து இருக்குமாயின். அப்படி ஒன்று முழுமையாகக் கிடைத்தது. எக்ஸ்ட்3 தன் பிளாக் பட்டியல்களையும் ஒலிக்கு நடுவிலேயே எழுதிவைப்பதால், ஏறத்தாழ 47 நொடிகளுக்கு ஒருமுறை ‘டக்’ என்று ஓர் ஒலி இடையிட்டது. அந்த பிளாக்குகளை விலக்கியதும் நின்றது. மற்ற இரண்டும் சிதறியவை. தொடக்கத்தில் சில நொடிகளுக்கு மேல் ஒட்டவில்லை.

முழுமையாகக் கிடைத்தது அவருடைய கணவரின் பதிவன்று. மூன்றாம் பெயருக்கு உரியவரின் பேச்சு. எனினும் பாட்டி அதைக் கடைசிவரை கேட்டார். இடையில் ஓரிடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, மறுபடி போடச் சொன்னார். பேசுபவர் தன்னோடு ஏற்றத்துக்கு வந்தவர்களைப் பெயர் சொல்லி எண்ணுகிறார். அதில் அவர் கணவர் பெயரும் வருகிறது. மூன்று முறை கேட்டார்.

சிதறிய இரண்டின் துண்டுகளைப் பொருத்தும் வேலை நடக்கிறது. பட்டியல் பிளாக்குகளில் சில நலமாக இருக்கின்றன. அவற்றைக் கொண்டு எந்தத் துண்டு எதன் பின் வரும் என்று கண்டுபிடிக்கலாம். மெதுவான வேலை. பெயரிட்டவற்றின் படிகள் அக்காவிடமும் பாட்டாவின் பேரனிடமும் இருக்கின்றன. அந்தப் பையன் பள்ளியில் லினக்ஸ் படித்தவன், கட்டளைகளை என்னைவிட வேகமாக அடிக்கிறான்.

மீதி 7 கோப்புகளுக்கு இன்னும் எண்ணே பெயர். அவற்றுள் 4915231 மிகச் சிறியது, மூன்று நிமிடம். ஒரு பெண் கருப்பட்டிச் சிரட்டைகளை எண்ணுகிறார். பின்னால் அடுப்பு எரிகிறது. பதினேழு வரை எண்ணியதும் யாரோ வெளியிலிருந்து கூப்பிடுகிறார்கள். அவர் எழுந்து போகிறார். அதன்பின் அடுப்பின் ஒலி மட்டும். பாறசாலை, இஞ்சிவிளைப் பக்கத்து நண்பர்கள் வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், வருகிற ஞாயிறும் திண்ணையில் அதைப் போட்டுக் காட்டுவோம்.